அன்னக்கொடி சொல்லாத பெயர்கள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் என் மாமியார் அன்னக்கொடி. எழுதட்டுமா என்று கேட்டபோது ஒரே நிபந்தனை வைத்தார்: “என் பேரப் போட்டுக்கங்க மாப்ள. மனு எழுதுனவுக பேரு ஒண்ணும் வரக் கூடாது.”

அதனால் முதல் வரியையே பலமுறை அடித்தேன்.

‘1938 ஆடியில், கண்மாய்க்கரையில் குடியிருந்த…’ வேண்டாம், ஆள் தெரிந்துவிடும்.

‘தேங்காய் விற்றுவந்த…’ ஆகவே ஆகாது. ஊரில் தேங்காய்க்கடை ஒன்றுதான்.

ஆகவே: சிலர்.

2

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே மாமியாரின் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் சிவனாண்டி அவருடைய கூடப்பிறந்த தம்பி. கண்மாய் மடையைத் தன் வயலுக்கு மட்டும் திறந்துகொண்டார். மற்றவர்களின் நெல் கருகியது. அவரைப் பதவியிலிருந்து இறக்கக் கோரிச் சிலர் மனு எழுதினார்கள். தலைவரின் அக்கா வீட்டை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். தாசில்தார் பெயர்களை வெளியே விடாமல் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்.

(அடிக்குறிப்பாக: முந்தைய வருடமும் ஒரு மனு போனது. பெயர் கசிந்தது. எழுதியவரின் வைக்கோல் படப்பு எரிந்தது. அவர் பெயரும் இங்கே கிடையாது.)

3

வீடு எதுவென்பது மட்டும் எப்படியோ தெரிந்துபோக, சிவனாண்டி வந்து நின்றார்.

“ஒன் வீட்டுலதான் எழுதியிருக்கானுக. யாருன்னு மட்டும் சொல்லுக்கா.”

“சோறு திங்க வந்தியா, பேரு கேக்க வந்தியா?”

“சொல்லலேன்னா சீனியம்மா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு வராது.”

அன்னக்கொடிக்கு ஒரே மகள் சீனியம்மா, ஒரே தம்பி. (இங்கே ‘அவர் அழுதார்’ என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும், “நான் எப்ப அழுதேன்?” என்று அந்த வரியை அடிக்கச் சொன்னார்.)

“வராட்டிப் போ. நம்பி வந்தவுகளக் காட்டிக் குடுத்து எம்மகளுக்குச் சீரு வேணாம்.”

4

சிவனாண்டி தோற்றார். சீர் வரவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் காலி. மனு எழுதியவர்கள் சீர் கொண்டுவந்தால் அவர்கள்தான் என்று தெரிந்துவிடும். ஊர் அதை முன்பே யோசித்திருந்தது.

கொட்டுச் சத்தம் கேட்டது. தெருவை அடைத்துக்கொண்டு தாம்பாளங்கள் வந்தன: சேலை, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. வீட்டுக்கு ஒன்று. சிவனாண்டிக்கு ஓட்டுப் போட்ட வீடுகளிலிருந்தும்தான். நன்றிக்கு வந்தது எது, மறைக்க வந்தது எது, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாமியார் நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாக வாங்கினார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

5

‘கடைசித் தாம்பாளத்தோடு சிவனாண்டியே வந்து…’ எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நடக்கவில்லை.

ஆறு வருடமாக அக்காவும் தம்பியும் பேசவில்லை. அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. இன்று காலை மாமியார், “அவனுக்கும் நாந்தான் பாக்கு வச்சு அழைக்கணும், வாரேன்” என்று தனியாகக் கிளம்பிவிட்டார். இப்போது தம்பி வீட்டுக் கதவு முன்னால் நிற்பார். திறப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.