என் கட்டுரைக்குக் கிடைத்த இடம்

2023 ஜூலை 3, திங்கட்கிழமை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், நிலத்தடி நீர் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு என் நோக்கக் கட்டுரையைச் சேர்த்துக்கொண்டது. என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஏன் இந்த ஆய்வைச் செய்ய விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு நான் எழுதி வைத்த கட்டுரை அது. இரண்டு பக்கம், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். வகுப்பில் அதற்கு முதல் வரிசை. மின்விசிறி ஓடும்போது பறந்துவிடாமலிருக்க அதன்மேல் டஸ்டரை வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அது எங்கள் ஊருக்கு, அம்மாவுக்குப் போன் செய்கிறது.

“ஏளா ஜெனிட்டா, அது சாப்பிட்டியாம்மான்னு கேக்குது. உன்ன மாதிரி எரிஞ்சு விழாது” என்றார் அம்மா.

இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தேன். இதிலும் கிடைக்காவிட்டால் பி.எட். சேர்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பி.எட். விண்ணப்பத்தை அவர் நிரப்பியே வைத்துவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி.

சேர்க்கைப் பிரிவில் கோதண்டம் என்றொருவர் இருந்தார். என் புதிய கட்டுரையை முகர்ந்து பார்த்தார்.

“கிணறு வருதேம்மா.”

“ஆமா சார். எங்க வீட்டுக் கிணறு உப்பாயிடுச்சு. அதனாலதான் இந்தப் படிப்பு.”

“கிணத்தை அவங்க போன வருஷமே எடுத்துட்டாங்க. உங்ககிட்ட வேற கிணறு இருக்கா?”

அவங்க என்று அவர் சொன்னது கட்டுரையை. என்னிடம் வேறு கிணறு இல்லை.

திருத்தினேன். கிணற்றை எடுத்தேன். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அம்மாவை எடுத்தேன். வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் சேர்க்கைப் பிரிவின் தாழ்வாரம் ஒரு கதவு தூரம் நீண்டது. கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ மட்டும் மிஞ்சியது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அரை நாள் நடந்தேன். கோதண்டம் படித்துவிட்டு, இதில் ஆர்வம் தெரியவில்லை என்றார்.

கட்டுரையைப் பார்க்க வகுப்புக்குப் போனேன். டஸ்டரை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கிணற்றைத் திருப்பிக் கொடு என்றேன்.

“அது என் முதல் பத்தி, மேடம். எடுத்தா நான் எப்படி நிற்பேன்?”

“உப்புத் தண்ணி குடிச்சது நீயா, நானா?”

“குடிச்சது நீங்க. எடுத்துச் சொன்னது நான்.”

கட்டுரை என் பேச்சைப் பாராட்டியது. சொல்வதில் கொஞ்சம் கோபம் தூக்கலாக இருப்பதாகவும், வேண்டுமானால் திருத்தித் தருவதாகவும் சொன்னது. டஸ்டரை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

கோதண்டம் ஒரு வழி சொன்னார்.

“நகலா வர்றீங்களா?”

“சார், நான்தான் அசல்.”

“அசலுக்கு சீட் இல்லம்மா. நகலுக்கு விதி இருக்கு. சான்றொப்பம் வாங்கிட்டு வாங்க.”

பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரி மாடியில் இருந்தார். கட்டுரையை வகுப்பிலிருந்து வரவழைத்து மேசைமேல் வைத்து, என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்தார். ஆட்காட்டி விரலால் வரி வரியாக ஒப்பிட்டார். கிணறு என்றதும் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். உப்பு இருப்பதாகக் குறித்துக்கொண்டார். குடம் என்றதும் இடுப்பைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

“பொறுமைசாலின்னு போட்டிருக்கு.”

“எழுதும்போது இருந்தேன் சார்.”

“இப்ப?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தல் பிரித்த பிறகு திரும்பி வந்தார். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையில் பல்லைப் பற்றி எதுவும் இல்லை.

“சரியா இருக்கு” என்றார்.

என் முன்கையில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தி, அதன்மேல் பச்சை மையில் கையெழுத்திட்டார். கட்டுரையின் கையெழுத்தையும் கேட்டார். அது என் கையெழுத்தையே போட்டது, என்னைவிட நேராக.

ஆணை ஜூலையில் வந்தது. என்னைக் கட்டுரைக்கு இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லப் போன் செய்தேன். கட்டுரை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. பி.எட். விண்ணப்பத்தை எதிர்வீட்டு ரெக்ஸ்லினுக்குக் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னார்.

வகுப்பில் கட்டுரைக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். வருகைப் பதிவில் கூப்பிடும் பெயர் என்னுடையது. பதில் அது சொல்கிறது. மின்விசிறி ஓடும்போது என் கையை அதன்மேல் வைத்திருக்க வேண்டும். டஸ்டரைக் கரும்பலகைக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.