மகாராணிக்கு ஒன்பதாம் இடம்

சீனர்கள் அதிகம் பேசும் சொற்களை எண்ணி வரிசைப்படுத்தி முடித்த அன்று பேராசிரியர் ஃபெங் எல்லோருக்கும் தேநீர் ஊற்றச் சொன்னார். மகாராணிக்கு ஒன்பதாம் இடம். சோறு முந்நூறுக்கு அப்பால் எங்கோ கிடந்தது.

சீன எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எங்கே வெட்டுவது என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே உதவியாளர் வெய்லானின் இளமை பாதி போயிற்று. எதை வெட்டுகிறோம் என்று யாரும் பார்க்கவில்லை. சும்மா கிடைத்தவை தொலைக்காட்சியின் அரண்மனைத் தொடர்களின் வசனங்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள்.

"சார், நம்ம லான்ஜோ ஊருல யாரு சார் தினமும் மகாராணியப் பத்திப் பேசறா?" என்று கேட்டாள் வெய்லான்.

"உங்க மாமியார் பேசமாட்டாங்களா?" என்றார் ஃபெங். அறையே சிரித்தது. மறுவாரம் வரிசைக்குப் பரிசு கிடைத்தது; வாசலில் சிவப்புத் துணி தொங்கியது: 'நூற்று நாற்பது கோடி மக்களின் குரல்'.

அடிக்கடி பேசிய சொல்தான் கடைசியாக மறக்கும் என்பது கணக்கு. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களைச் சோதிக்க, ஆஸ்பத்திரி அந்த வரிசையையே வாங்கிக்கொண்டது. வரிசையில் முன்னால் நிற்கும் சொற்களின் படங்கள்தான் சுலபமானவை; அவற்றில் பாதியைச் சொல்பவருக்குத்தான் பேச்சுப் பயிற்சியில் இடம்.

வசந்தத்தில் வெய்லானின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

நர்ஸ் முதல் அட்டையைத் தூக்கினாள். தங்கக் கிரீடமும் பட்டுடையுமாக ஒருத்தி.

"தாத்தா, இது ரொம்ப ஈஸி. யாரு இவங்க?"

அப்பா படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "நூடுல்ஸ்" என்றார். சாப்பாட்டு நேரந்தான். அடுத்தது சிம்மாசனம். அப்பாவின் முகம் சட்டென்று தெளிந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க!" ஒரு பிசிறில்லாமல் வந்தது. நர்ஸ் பயந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தப்பு என்று குறித்தாள்.

வெய்லான் ஃபெங்கிடம் ஓடினாள்.

"வரிசைய மாத்தணும் சார். அவருக்குப் பேச்சு இருக்கு. நாமதான் அதக் கேக்கல."

"பரிசு வாங்கியாச்சேம்மா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்கப்பா ஒருத்தருக்காக நூத்தி நாப்பது கோடிப் பேர மாத்தச் சொல்றியா?"

பயிற்சி இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஓய்வுபெற்ற நாடக நடிகராம், எல்லா அட்டையையும் சொன்னாராம்.

வெய்லான் திரும்பி வந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் சக்கர நாற்காலிகள் தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக நின்றன. அதில் யாரோ ஒருத்தி மகாராணியின் காலில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. அசையும் ஒரே கையால் காற்றைப் பிடித்து, மெதுவாக இடப்பக்கம் ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.