மூடுகல்

கல்லாகிப்போன மீனைத் தபாலில் அனுப்ப ஒரு முறை இருக்கிறது. மீன் பதிந்த கல் பலகையை முகம் மேலே பார்க்க வைத்து, அதன்மேல் பஞ்சு விரித்து, அதே அளவில் வெறும் கல் ஒன்றைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த வெறும் கல்லை மூடுகல் என்போம். வழியில் விழுகிற அடியை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு மதிப்பு கிடையாது. சிலர் எறிந்துவிடுவார்கள், சிலர் தோட்டத்தில் பதிப்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் கூட்டம் என்றால் நாட்டுக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் கொஞ்சம் பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. உன் பக்கத்து மண்ணில் கிடைத்த மீனை எனக்கு அனுப்பு, என்னிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றை உனக்குத் தருகிறேன் என்பதுதான் உறவு. பேச்செல்லாம் கைபேசியின் மொழிபெயர்ப்பில் நடக்கும். எனக்கு மிகவும் நெருக்கமானவள் ரொட்டி சுடுகிற ஒருத்தி. நான் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று ஒருமுறை எழுதியதிலிருந்து, அவளுடைய செய்திகள் "மதிப்புக்குரிய பற்களின் அம்மையாரே" என்று தொடங்குகின்றன. நான் எழுதுவது அவளிடம் என்ன கோலத்தில் போய் நிற்கிறதோ, தெரியாது.

அன்று ஒரு கீழ்த்தாடை அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கைபேசி ஒளிர்ந்தது. முதல் படத்தில் போன மாதம் நான் அனுப்பிய மீன், ஒரு செதில்கூட உதிராமல். இரண்டாவது படம் புரியவில்லை. அவளுடைய கடையின் பெரிய ஃப்ரீஸர். தட்டுத் தட்டாக மாவு உருண்டைகள். நடுத்தட்டில் மட்டும் சாம்பல் நிறக் கல் ஒன்று.

"மதிப்புக்குரிய பற்களின் அம்மையாரே, நீங்கள் குறும்புக்காரி. மூடுகல்லுக்குள் பரிசை ஒளித்து அனுப்பினீர்கள். ஓரத்தில், உள்ளிருக்கும் மீனின் பழுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தேன். தண்ணீரில் ஊறவைத்து உறையவைக்கிறேன். உறையும் தண்ணீர் விரிந்து கோடு வாய் திறக்கிறது. இன்னும் ஒரு முறை போதும்."

படத்தைப் பெரிதாக்கினேன். கல்லின் மூலையில் நீல மையில் ஒரு நட்சத்திரம்.

"ஏண்டி, ஊத்தப் போறியா, சிலையா நிக்கப் போறியா?" என்றாள் பக்கத்து மேசையில் மெழுகில் பற்களை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா. "பல்லுக்குச் சொந்தக்காரர் பாவம், வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்கார்."

கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகிவிட்டிருந்தது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, 'தயவுசெய்து நிறுத்துங்கள், திறக்காதீர்கள்' என்று மட்டும் தட்டி அனுப்பினேன்.

அந்த நட்சத்திரம் என் மகன் பள்ளிக்கூடத்துப் பேனாவால் போட்டது. கல் சந்தை ஒன்றுக்கு என்னோடு வந்திருந்தான். உடைக்காத கற்களைக் குவித்து வைத்திருந்த கடைக்காரர், "உள்ள மீன் இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்ல, உங்க ராசி" என்றார். இவன் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே தூக்கி ஓரத்தைப் பார்த்து, நூல் கனத்தில் பழுப்புக் கோடு ஓடிய இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தான். வீட்டுக்கு வந்ததும் நான் உளியை எடுத்தபோது தடுத்துவிட்டான். "இப்ப வேணாம்மா. நான் பெரியவனானதும் ரெண்டு பேரும் சேர்ந்து தொறக்கலாம்." அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தான்.

பெரியவனானான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடக அரங்கில் விளக்குப் போடும் வேலைக்குப் போகிறேன் என்றான். அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கோபம் வந்தால் கத்தமாட்டார், வேடிக்கை பேசுவார். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், "ஊருக்கே வெளிச்சம் போடப் போறாராம். இவர் மண்டைக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சா நல்லா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாள் பெட்டியோடு போனான். அதற்குப் பிறகு என்னோடு மட்டும்தான் பேச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேலை எப்படி, போகுது, சரிம்மா, வெச்சுடறேன்.

வெறும் வாயை மெல்லுவது போன்ற அந்தப் பேச்சுகளின் அடியில் ஒரு வாக்கியத்தை நான் தொடாமல் வைத்திருந்தேன். 'அந்தக் கல்லு இன்னும் அப்படியே இருக்குடா.' ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் செலவாகிவிடும். கல்லைத் திறக்க ஆள் வேண்டும், அந்த ஆள் வந்துதான் ஆக வேண்டும் என்று ஏதோ ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலமாரியைத் தூசி தட்டும்போது அந்தக் கல்லை மட்டும் கடைசியாக எடுத்துத் துடைப்பேன். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏங்க, ரொட்டிக்காரிக்குப் பார்சல் கட்டினீங்களே, மூடுகல்லை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

முட்டி தேய்ந்து வேலையை விட்டதிலிருந்து பார்சல் கட்டுவது என் கணவரின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் என் மீன்களுக்கு அவர் வைத்த பெயர் கல்லுக் கருவாடு. இன்றைக்கும் அதுதான் பெயர். ஆனால் லிஃப்ட் கம்பியை முடுக்கிய கையால் அவர் போடும் கட்டு எந்த நாட்டுத் தபாலிலும் அவிழ்ந்ததில்லை.

"வெறுங்கல்லு போட்டு வெச்ச வாளியிலதான் தேடினேன். எல்லாம் சின்னச் சின்னதா இருந்துச்சு. சுவத்துக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி பண்ணிப் பெட்டியில வெச்சு இன்னும் பிரிக்காம இருக்கியே, அதுல ஒண்ணு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. ஏன், கருவாடு உடைஞ்சுடுச்சா?"

"மீன் நல்லா இருக்கு."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கைபேசியை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இதுல மீன் எதுவும் இல்லையே. ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டுத்தானே வெச்சேன்."

"உள்ள இருக்கு. நட்சத்திரம் பார்க்கலையா?"

"பார்த்தேன். கடையில போட்ட அடையாளம்னு..." நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "அவனோடதா?"

தலையசைத்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

ரொட்டிக்காரியின் பதில் அப்போது வந்தது. "மன்னியுங்கள், மன்னியுங்கள். நிறுத்திவிட்டேன். ஆனால் கல் ஏற்கெனவே ஓரத்தில் பிளந்திருக்கிறது. இப்படியே திருப்பி அனுப்பினால் வழியில் நொறுங்கும். காய்ந்தால் உதிரும். ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இங்கே திறப்பதே நல்லது. ஆனால் நீங்கள் சொல்லாமல் தொடமாட்டேன்."

இருவரும் அதைப் படித்தோம்.

"அவன்கிட்ட கேளு" என்றார். "நான்தான் அனுப்பினேன்னு சொல்லு. பழியைத் தூக்கி உன் தலையில வெச்சுக்காத. உனக்கு அது ஒரு வியாதி."

அவர் சொன்னது சரிதான். நானே தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று சொல்லத்தான் மனம் முன்னமே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் மேல் அவனுக்கு இருக்கும் வருத்தத்தில் இன்னொரு கல்லை ஏற்ற வேண்டாமே என்று. ஆனால் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கியது அதற்காக மட்டும் இல்லை. அவன் வருத்தப்படுவானே என்று பயந்தேன். வருத்தப்படாமல் போய்விடுவானோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். இரண்டாவது பயத்தை அதுவரை எனக்கே காட்டாமல் வைத்திருந்திருக்கிறேன்.

சமையலறைக்குள் போய் நின்று அழைத்தேன்.

"என்னம்மா? ஏணி மேல நிக்கறேன்."

"இறங்கி வா. ஒரு விஷயம் கேக்கணும். அந்தக் கல்லைப் பத்தி."

"எந்தக் கல்லு?"

கேட்டுவிட்டான். அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன். மேடை சுத்தமாகத்தான் இருந்தது.

"நீலத்துல நட்சத்திரம் போட்டு வெச்சியே."

"ஓ... சந்தையில வாங்கினோமே, அதுவா? அது இன்னுமா இருக்கு? நீ எப்பவோ தொறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"நீதானடா சேர்ந்து தொறக்கலாம்னு சொன்னே."

"நான் அப்ப பொடிப்பய. நாளைக்கு ராக்கெட்டுல போறேன்னும்தான் சொல்லியிருப்பேன்." சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. "அம்மா... இத்தனை வருஷமா அதை அப்படியேவா வெச்சிருக்கே?"

"அலமாரியில இடம் இருந்துச்சு, வெச்சிருந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. நடந்ததைச் சொன்னேன். மூடுகல், ஃப்ரீஸர், ஈரத்துணி.

"யாரு அதை எடுத்து அனுப்பினது?"

"அப்பா. தெரியாம."

ஏணி நகரும் சத்தம் கேட்டது. யாரிடமோ 'ஒரு நிமிஷம்' என்றான்.

"அப்பா எதுக்கு உன் கல்லையெல்லாம் தொடறார்?"

"இப்ப பார்சல் எல்லாம் அவர்தான் கட்டறார்."

"அப்பாவா? கல்லுக் கருவாடும்பாரே."

"இப்பவும்தான் சொல்றார். சொல்லிக்கிட்டே கட்டறார்."

அதைக் கேட்டு மனதுக்குள் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது. பஞ்சைப் பிரித்து விரித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும் அப்பாவை அவன் பார்த்ததே இல்லையே.

"தொறக்கச் சொல்லும்மா" என்றான். "காய்ஞ்சுடப் போகுது. தொறந்தா ரெண்டு பக்கமும் மீன் இருக்கும்னு சொல்வியே?"

"ஆமா. ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் அதோட அச்சு. தொறந்தவங்களுக்கு ஒரு பாதி. அதான் எங்க வழக்கம்."

"இன்னொரு பாதி?"

'இங்கே வரும், வந்து பாரு' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு சாதாரணமான வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் அலமாரியின் மேல்தட்டில் மறுபடியும் ஒரு கல்லை ஏற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வராத ஒவ்வொரு மாதமும் அந்தக் கல்லின் கணக்கில் ஏறும். அவனுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது.

"உன் விலாசத்துக்கே அனுப்பச் சொல்றேன்" என்றேன்.

"எனக்கா? நான் அதை எங்கம்மா வெப்பேன்? எனக்கு ஒரு ரூமுதான்." கொஞ்சம் பொறுத்து, "சரி, அனுப்பச் சொல்லு" என்றான்.

மறுநாள் படம் வந்தது. கல் புத்தகம் போல இரண்டாகத் திறந்து அவளுடைய மாவு மேசையின் மேல் கிடந்தது. இரண்டு பக்கத்திலும் ஒரே மீன். தேன் நிறத்தில் முதுகெலும்பு, சீப்புப் பற்கள் போல முட்கள், அகன்ற வால். தலை இல்லை. கல்லை முதலில் வெட்டி எடுத்தவர்கள் வெட்டிய இடத்திலேயே மீனும் முடிந்திருந்தது. "தலை பக்கத்துக் கல்லோடு யார் வீட்டுக்கோ போயிருக்கிறது" என்று துக்கம் விசாரிப்பது போல எழுதியிருந்தாள் ரொட்டிக்காரி. நட்சத்திரம் இருக்கும் பாதியை மகனுக்கு அனுப்புங்கள் என்று பதில் போட்டேன்.

படத்தை என் கணவரிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, வாலிலிருந்து மேலே போய், மறுபடி வாலுக்கு வந்தார்.

"அவன் தேடிப் பொறுக்கினதா?"

"ஆமா. அத்தனை குவியல்லயும்."

"கண்ணு இருக்கு பயலுக்கு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

பார்சல் போய்ச் சேர வெகுநாள் ஆனது. ஒரு விடுமுறை நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான். கையெல்லாம் சோப்பு. முழங்கையால் கைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டேன்.

"அம்மா, வந்துடுச்சு. கனமா இருக்கு. எப்படிப் பிரிக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாப்பாட்டு மேசையில் இருந்த என் கணவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் குரல் தேவைக்கு மேலே உயர்ந்திருந்தது.

"மேல கத்தி வைக்க வேணாம்னு சொல்லு. நேரா கல்லுல கீறிடும். பக்கவாட்டுல நாடாவை வெட்டச் சொல்லு."

"மேல கத்தி வைக்க வேணாமாம்" என்றேன்.

அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சுன்னு சொல்லும்மா."

"கேட்டுச்சாம்" என்றேன் இவரிடம்.

"பெட்டியைக் கவுக்கக் கூடாதுன்னு சொல்லு. கவுத்தா மேல் கல்லு கீழ வந்து..."

"கவுக்கலைன்னு சொல்லும்மா."

"கவுக்கலையாம்."

நாடா கிழிகிற ஓசை. அட்டை பிரிகிற ஓசை. என் கணவர் எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, சோப்பு நுரைக்கு அருகே இருந்த கைபேசியின் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார்.

"நடுவுல பஞ்சு வெச்சிருக்காங்களா பாரு."

"இல்ல" என்றான் அவன். "ஏதோ மாவு மூட்டைத் துணி மாதிரி இருக்கு. நாலா மடிச்சு வெச்சிருக்காங்க."

நான் நடுவில் எதுவும் சொல்லவில்லை. குழாயை மட்டும் மெல்ல மூடினேன்.

"துணியா? ம், அதுவும் சரிதான்" என்றார் அவர். "மெதுவா எடு. ஓரத்தைப் பிடிச்சு எடு."