தில்லையடிக்கு எத்தனை அங்குலக் குழாய்

ஸலாஹுதீனைப் போல ஒரு மூளைக்காரனை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அவன் கெட்டிக்காரன் என்று ஊருக்குத் தெரிந்ததே என்னுடைய முட்டாள்தனத்தால்.

முப்பத்தேழாம் ஆண்டு. புத்தளத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர வெள்ளைக்கார இன்ஜினியர் துரை வந்திருந்தார். இன்னும் இருபத்தைந்து வருடத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணித்துத் தரும்படி கந்தோரில் வேலை பார்த்த எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் நிக்கொலஸ், நிரந்தரக் கிளாக்கர். ஸலாஹுதீன் மூன்று மாதத்துக்கு எடுத்த தற்காலிக ஆள்.

ரயில் எஞ்சினுக்கும் உப்பளத்துக்கும் தும்பு ஆலைக்கும் வேண்டியதைக் கேட்டு எழுதிவிட்டோம். வீடுகள்தான் சிக்கல். நான் முஸ்லிம்கள் குடியிருக்கும் தில்லையடிப் பகுதியில் வீடு வீடாகப் போய் ஆண்பிள்ளைகளை எண்ணினேன். எங்கள் ஆட்களில் மகன்தானே தனி வீடு கட்டுவான். பார்த்தால், கலியாணம் முடித்த மகன்மாரில் பாதிப்பேர் கற்பிட்டிக்கும் வேறு ஊர்களுக்கும் போயிருந்தார்கள். தில்லையடி தேய்ந்துகொண்டு போகிற இடம், மூன்று அங்குலக் குழாய் தாராளம் என்று எழுதி நீட்டினேன். துரைக்கும் திருப்தி.

ஆறு அங்குலம் வேண்டும் என்றான் ஸலாஹுதீன். மூன்று என்றால் பத்து வருடத்தில் கடைசி வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணீரும் போகாதாம்.

“ஆம்புளப் புள்ளைய எண்ணி என்ன செய்யிற, நிக்கொலஸ்? அவன் பொண்டாட்டி ஊட்டுக்குப் போயிருவான். எங்கட ஆக்கள் ஊடு கட்டுறது பொம்புளப் புள்ளைக்கு. கடைசிப் புள்ளைக்குத் தாயூடு. ஒரு புள்ளைக்கு ஒரு ஊடு.”

ஆனால் வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று அந்நிய ஆணிடம் யார் சொல்வார்கள்? அவன் நேரே றஹ்மத் உம்மாவிடம் போயிருக்கிறான். தில்லையடியில் பெண்பிள்ளைகளுக்குக் காது குத்துகிறவர் அவர்தான். அவருடைய ஊசிக்குத் தப்பிய பிள்ளை கிடையாது. அவர் திரைக்குப் பின்னால் இருந்து ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு சந்து விடாமல், இன்றைய கணக்கையும் இருபது வருடத்துக்கு முந்திய கணக்கையும் சொல்லச் சொல்ல, இவன் எழுதி வந்திருக்கிறான். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

துரை நம்பவில்லை. தன் ஆட்களுக்காகக் கூட்டி எழுதுகிறான் என்று நினைத்தார். கணக்குப் பிழைத்தால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸலாஹுதீனின் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு பேர். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவனோ, பழைய கணக்கை வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்றான்.

றஹ்மத் உம்மா குடியிருக்கும் ஒழுங்கையையே துரை சோதனைக்குக் கேட்டார். இருபது வருடத்துக்கு முன் அங்கே ஒன்பது வீடுகள். அப்போது இருந்த பெண்பிள்ளைகள் முப்பத்தொரு பேர் என்று றஹ்மத் உம்மா சொல்லியிருந்தார். அப்படியென்றால் இன்றைக்கு முப்பத்தொரு வீடு இருக்க வேண்டும்.

மூவரும் நடந்தோம். எண்ணியது நான். குறைய வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டே எண்ணினேன், கடவுள் மன்னிக்கட்டும். இருபத்தொன்பதோடு ஒழுங்கை முடிந்துவிட்டது.

துரை வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். ஸலாஹுதீனின் முகத்தில் ஈயாடவில்லை. றஹ்மத் உம்மாவின் வாசலுக்குப் போய், ரெண்டு வீடு குறைகிறதே என்று தாழ்ந்த குரலில் கேட்டான். திரைக்குப் பின்னாலிருந்து அவர் பதில் சொன்னார்.

“கணக்குச் சரியாத்தான் ஈக்குது, தம்பி. ரெண்டு புள்ளைகள் அடுத்த வருசமே காய்ச்சல்ல மவுத்தாப் போச்சு. ஒண்டு எண்ட மகள்.”

அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் நான். எப்படியோ சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றினார். பிறகு என் தாளை வாங்கி, மூன்றை வெட்டி ஆறு என்று எழுதினார்.

ஸலாஹுதீன் அதைப் பார்க்கவில்லை. திரைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றான். இறந்துபோன தன் மகளையும் சேர்த்துத்தான் அவர் அவனுக்கு முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தார்.