முத்து வைக்காத கேக்

முத்து வைக்கமாட்டேன் என்று ரின்சிக்கு வாக்குக் கொடுத்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மீன் கழுவும்போது என்னிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கள்ளி, நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

"மம்மி, என் கல்யாண கேக்குல கட்டம் போடு, வேணாங்கல. ஆனா முத்து ஒண்ணுகூட வைக்கக் கூடாது. ஜெபின் வீட்டுக்காரங்க முன்னாடி என் மானத்த வாங்கிடாதே."

"சரி, வைக்கல. தள்ளி நில்லு, செதில் தெறிக்குது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மூன்று அடுக்கையும் மேசையில் வைத்துவிட்டு நின்றபோதுதான் அந்த வாக்கு என் கையைக் கட்டிப் போட்டிருப்பது தெரிந்தது. திருவல்லாவிலிருந்து கோழஞ்சேரி வரை சோசம்மா கேக் என்றால் மெத்தைக் கட்டக் கேக்தான். ஃபாண்டன்டை, அதாவது அந்தச் சர்க்கரை மாவை, சப்பாத்தி மாதிரி விரித்துக் கேக்குக்குப் போர்த்த வேண்டும். அது இளக்கமாக இருக்கும்போதே ஸ்கேல் விளிம்பால் சாய்வாகக் கோடுகள் அழுத்தி, எதிர்ச் சாய்விலும் அழுத்தினால் கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொண்டு பஞ்சு மெத்தை போல வரும். கோட்டின்மேல் தையல்காரர்களின் பல்சக்கரத்தை உருட்டினால் நூல் ஓட்டிய மாதிரியே இருக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் ஒரு சர்க்கரை முத்து. பார்க்கிறவர்கள் முத்துதான் அழகு என்பார்கள். எங்களுக்குத்தான் தெரியும், அது மூடி. இரண்டு தடவை அழுத்தம் வாங்குகிற இடம் அது, வெடித்தால் அங்கேதான் வெடிக்கும்.

நாங்கள் கழுத்தில் சங்கிலியும் காதில் கம்மலுமாக எங்கள் பழைய சபைக் கோயிலுக்குப் போகிறவர்கள். ஜெபின் வீட்டார் பெந்தெகொஸ்து. பொட்டுத் தங்கம் உடம்பில் இருக்கக் கூடாது, மோதிரம்கூடக் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா பெயர் பொன்னம்மா. பேரில் மட்டும்தான் பொன் என்று நான் சொல்லி, ரின்சி இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். போன மாதம் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கியபோதே வளையலையும் மாலையையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டாள். கம்மல் மட்டும் வரவில்லை. திருகு இறுகிப் போச்சு என்று சொல்லி, முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு திரிந்தாள். கல்யாணத்துக்குள் கழற்றினால் போதும் என்று பாஸ்டரும் விட்டுவிட்டார். இறுகினது இறுகினபடியே இருக்கட்டும் என்று நான் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டேன். அவர் யார் கட்சி என்று தெரியவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தல்காரன் ஒரு பக்கம் கூப்பிடுகிறான், ஆட்டோவில் வாழையிலை வந்து இறங்குகிறது. என் வீட்டுக்காரர் ஈப்பச்சன் ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும், "சோசம்மே, என் கண்ணாடி எங்கே?" என்கிறார். கண்ணாடி மூக்கில் இருக்கிறது. போதாததற்கு அன்று ஹர்த்தால். யாரோ யாரையோ எங்கேயோ அடித்தார்களாம், அதற்கு எங்கள் ஊரில் கடை மூடிக் கிடக்கிறது.

அடி அடுக்கும் மேல் அடுக்கும் நன்றாகவே வந்துவிட்டன. நடு அடுக்குக்குப் போர்த்தி, சுருக்கம் நீவி, ஸ்கேலைக் கையில் எடுக்கிறேன், வாசலில் கார் சத்தம். என் நாத்தனார் லிஸ்ஸி எட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, ஏலியாம்மக் கொச்சம்மா வந்தாச்சு. பஹ்ரைன் சென்ட் தெருமுனை வரைக்கும் மணக்குது."

"நீ போய் உக்கார வை. நான் இப்ப இதை விட்டு நகர முடியாது."

"கல்யாணப் பொண்ணோட அம்மா வாசலுக்கு வரலன்னா அப்படியே திரும்பிப் போயிருவா. அப்புறம் ஈப்பச்சன் அச்சாயன் உன்னையும் என்னையும் ஒண்ணாப் பொதைச்சிருவாரு."

போனேன். அதுதான் நான் செய்த தப்பு. கேக் செய்கிறவள் கல்யாணப் பெண்ணுக்கு அம்மாவாக இருக்கக் கூடாது, அம்மாவானால் கேக் செய்யக் கூடாது. ஈப்பச்சனின் சித்தியான கொச்சம்மா குழலப்பத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"என்ன சோசம்மே, மொட்டைக் கழுத்தோடவா பொண்ண அனுப்பப் போற? நம்ம குடும்பத்துல வேலைக்காரிகூட இப்படிப் போனதில்லியே."

"அவ விருப்பம், கொச்சம்மா."

"அவ விருப்பம்னா நீ எதுக்கு அம்மான்னு இருக்கே?"

நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. விழுங்கிவிட்டு, இன்னும் இரண்டு குழலப்பம் எடுத்து வைத்தேன். திரும்பி ஏ.சி. அறைக்குள் ஓடிப் போய் நடு அடுக்கைத் தொட்டால், ஐயோ, மேல்தோல் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் கேக் வேர்க்கக் கூடாது என்றுதான் ஏ.சி. போட்டிருந்தேன், அதுவே ஈரத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டது. வேறு வழி இல்லாமல் அழுத்தினேன். முதல் வரிசை ஓடியது. எதிர் வரிசை போட்டதும் சந்திப்பில் எல்லாம் பிளந்துகொண்டது, சின்னச் சின்னதாக, வெயிலில் நடந்த குதிகால் மாதிரி.

"உரிச்சுப் போட்டுட்டு வேற போத்து" என்றாள் லிஸ்ஸி.

"எதைப் போத்துறது, உன் சேலையையா? மாவு இல்ல. கடையும் இல்ல."

"அப்ப முத்து வை."

"வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"வாக்கா பெரிசு? நாளைக்கு ஊரே மேடையில பாக்கப் போகுது. ஊருக்கெல்லாம் முத்து வச்ச சோசம்மா சொந்தப் பொண்ணுக்கு வெடிச்ச கேக்கைக் குடுத்தான்னு சொல்லுவாங்க. வையி சேச்சி. சர்க்கரைதானே."

அலமாரியில் முத்து டப்பா இருந்தது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு முத்து. ஒரு சொட்டு, ஒரு முத்து. நடு அடுக்கில் மட்டும் வைத்தால் கோணலாகத் தெரியும் என்று வெடிக்காத மற்ற இரண்டிலும் வைத்தேன். வெடிப்பை மறைக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வைக்க வைக்க நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம். வளையல் போட்டு, மாலை போட்டு, ஒருத்தியை உட்கார்த்தி வைத்து அலங்காரம் பண்ணுகிற சந்தோஷம். ஆமாம், அப்படித்தான் இருந்தது. எதற்கு மறைக்க?

கடைசி வரிசையில் இருக்கும்போது ரின்சி வந்து கதவில் நின்றாள். கையில் மருதாணிகூட இல்லாத கல்யாணப் பெண்.

"மம்மி."

"வெடிச்சுப் போச்சு மோளே. அதை மூடத்தான்..."

"மூணு அடுக்குமா வெடிச்சுது?"

லிஸ்ஸி மெதுவாக நழுவி வெளியே போய்விட்டாள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன்" என்றாள் ரின்சி. "உன்கிட்ட சேலை கேட்டேனா? நகை கேட்டேனா? ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

"நகை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! அதுக்குத்தானே வயிறு எரியுது! பொறந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு பவுனா சேத்து வச்சிருக்கேன், பொட்டியில கெடக்குது. வெடிச்ச கேக்கையும் மொட்டைக் காதையும் காட்டி ஊர்க்காரங்க முன்னாடி நான் நிக்கணுமா?"

"வெடிச்சது வெடிச்ச மாதிரியே இருக்கட்டும். கல்யாணம் உனக்கா எனக்கா?"

"பெரிய விசுவாசி வந்துட்டா! அப்ப காதுல அது என்ன? மொதல்ல அதைக் கழட்டுடி!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முடியை ஒதுக்கினாள். சிவப்புக் கல் கம்மல், அவள் எட்டாவது படிக்கும்போது நான் முதன்முதலாகக் கேக் விற்ற காசில் வாங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கழட்டு."

"இறுகிக் கெடக்குன்னியே."

"நீ கழட்டு மம்மி."

விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு திருகைப் பிடித்தேன். பலம் கொடுக்கத் தயாராகத்தான் பிடித்தேன். ஒரு சுற்று. அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இறுகவே இல்லை. ஒருநாளும் இறுகியிருக்கவில்லை. ஒரு மாதமாகப் பாஸ்டரிடமும் ஜெபினிடமும் என்னிடமும் இவள் சொன்னது பச்சைப் பொய்.

கம்மலை மேசையில் வைத்தேன். "எடி, உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. பந்தலைப் பிரிக்கச் சொல்றேன். இந்தக் கேக்கைக் கோழிக்குப் போட்டுருவேன். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

"லூசு மாதிரி பேசாதே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு ஜெபின் வேணும். அவன் பிரார்த்தனைக் கூட்டமும் பிடிச்சிருக்கு, பொய் சொல்லல. இதும் வேணும். ரெண்டும் வேணும் மம்மி. ஆனா ரெண்டும் கிடைக்காதுல்ல."

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எப்படி ஆசை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மற்றக் காதில் கிடக்கட்டும் மோளே, முடியால் மூடிக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அதற்காகத்தான் என் முன்னால் வந்து உட்கார்ந்தாளோ என்னவோ. இல்லை, நான்தான் கழற்ற வேண்டும் என்று உட்கார்ந்தாளோ. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொரு காதையும் பிடித்துத் திருகைச் சுற்றினேன். அவள் ஓவென்று அழுதாள். குழந்தையில் காது குத்தியபோதுகூட அப்படி அழவில்லை.

அவளை முகம் கழுவ அனுப்பிவிட்டு, ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு கேக் முன்னால் உட்கார்ந்தேன். முத்துகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஒரு குழி. நடு அடுக்கில் குழியோடு வெடிப்பும். அவர்கள் சபைக்காகப் பிளம் கேக்கில் பிராந்தியும் ஊற்றவில்லை, மேலே முத்தும் வைக்கவில்லை. இப்படி ஒரு கேக்கை நான் யாருக்கும் அனுப்பியதில்லை.

மறுநாள் கும்பநாட்டு மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சேலை. நான் மட்டும் பட்டும் நகையுமாக, பூக்கடைக்குள் புகுந்த மாடு போல நின்றேன். கேக் மேடை நடுவில். வீடியோக்காரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தான், எனக்கு அவனைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. கொச்சம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கத்துக்காரியின் காதில் ஏதோ ஊதிக்கொண்டிருந்தாள்.

பொன்னம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஸ்தோத்திரம் சோசம்மே." கேக்கை ஒரு பார்வை பார்த்தாள். "முத்து வைக்கலியா? என் தங்கச்சி மக கல்யாணத்துல வச்சிருந்தாங்க, பாக்க நல்லா இருந்துச்சே. நீதான் அதுல பேர் போனவன்னு சொன்னாங்க."

"உங்க சபையில கூடாதுன்னு..."

"ஐயே, அது சர்க்கரைதானே! கேக்குக்கு என்ன விசுவாசம்?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சம்பந்தியம்மா, மேடை, மைக் எதுவும் கண்ணில் படவில்லை. "சர்க்கரையோ தங்கமோ, என் பொண்ணுக்கு இல்லாதது இந்தக் கேக்குக்கு எதுக்கு?" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வீடியோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

பொன்னம்மாவின் சிரிப்பு நின்றது. மேடையில் நின்ற ரின்சியின் காதையே பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்:

"யார் கழட்டினது?"

"நான்தான். நேத்து."

"அழுதாளா?"

"அழுதா."

"நல்லது" என்றாள். "எனக்கு என் மாமியார் கழட்டினா. கல்யாணத்தன்னிக்கு, ஒரு ரூமுக்குள்ள வச்சு. நான் அழல. அழ பயமா இருந்துச்சு."

பாஸ்டர் கையை உயர்த்தி ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் அந்த வெள்ளைச் சேலைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் முடிகிற வரைக்கும் அழுதேன். கேக்கை யார் வெட்டினார்கள், வெடிப்பை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.