நைந்த கயிற்றின் நாற்பது படங்கள்

ராத்திரி பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து கம்பெனி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போவான். மணி ஒன்பதேகால். ஸ்டோர்க்காரி முடியை அள்ளி முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

லேப்டாப்பில் நாற்பது படங்கள் இருந்தன. பளு தூக்கும் கிரேனின் இரும்புக் கயிறு இழை இழையாகப் பிரிந்து கிடப்பதை, புதுக் கயிறு கேட்டு எழுதிய அன்று அவளே எடுத்தவை. கயிறு வரவில்லை. மூன்றாம் வாரம் பழையது அறுந்து, சுமை இறங்கி, அவள் புருஷன் காலை நொறுக்கியது. குடித்துவிட்டு அடியில் போய் நின்றான் என்று கம்பெனி எழுதி வைத்துவிட்டது. சோடாவைக் குடித்தாலே ஏப்பத்துக்குப் பயப்படுகிற மனுஷன் அவன்.

பென் டிரைவ் செருகும் துளைகளில் கம்பெனி பசை ஊற்றி அடைத்திருந்தது. மெயிலும் பூட்டு. ஆனால் வீட்டில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. இரண்டிலும் லினக்ஸ். ஒரு மிஷினின் ஃபோல்டரை இன்னொன்றில் திறந்து வைப்பது ஸ்டோரில் அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. வீட்டு மிஷினில் தன் ஃபோல்டரைப் பகிர்வுக்கு விட்டாள், லேப்டாப்பில் இணைத்தாள். முதல் படத்தைப் போட்டாள். அனுமதி இல்லை என்றது.

"என் வீட்டுலயே எனக்கு அனுமதி இல்லையாம்!"

"விட்டுத் தொலையேன்," என்றான் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தவன்.

அவளுக்கு உறைத்தது. இந்தப் பகிர்வு பேரைப் பார்க்காது. கூலி வரிசையில் வில்லை நம்பரைப் பார்ப்பதுபோல ஆளின் எண்ணைத்தான் பார்க்கும். ஒவ்வொரு மிஷினிலும் முதலில் சேர்ந்த ஆள் ஆயிரம், அடுத்த ஆள் ஆயிரத்தொன்று. லேப்டாப்பில் அவள் ஆயிரம். வீட்டில் ஆயிரம் அவன், அவள் ஆயிரத்தொன்று. அவளை அவனென்று நினைத்து, அவள் ஃபோல்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"ஏங்க, உங்க ஃபோல்டரைத் திறந்துவிடறேன். நேரா இறங்கிடும்."

"அப்ப எல்லாம் என் பேர்லயா ஏறும்?"

"ஆமா."

"வேணாம். அவங்ககிட்டதான் திரும்பவும் வேலைக்கு நிக்கணும்."

"எந்தக் கால்ல நிப்பீங்க? குடிகாரன்னு எழுதின கைக்கு நான் கும்பிடு போடணுமா? நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் எடுக்கத்தான் போறேன்."

அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவள் பகிர்வில் தன் ஃபோல்டருக்குப் பதில் அவனுடையதை எழுதி, லேப்டாப்பில் மறுபடி இணைத்தாள். படம் இறங்கத் தொடங்கியது, நத்தை மாதிரி.

"வைஃபைல ஊர்ந்தா விடிஞ்சிடும்," என்றான், முகட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே. "அலமாரி மேல கேபிள் கிடக்கு பாரு. சொருகு."

சொருகினாள். படங்கள் மளமளவென்று இறங்கின. நாற்பதையும் எண்ணினாள். வீட்டு மிஷினில் ஒவ்வொன்றாகத் திறந்து, இழை தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. லேப்டாப்பை நீட்டினாள். சூப்பர்வைசர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான்.

"படம் கிடம் எதுவும் காப்பி எடுக்கலையே?"

"எடுத்தேன்."

பொய்க்குத் தயாராக வந்தவன் தடுமாறிப்போனான். "கம்பெனிச் சொத்தும்மா அது! யாரைக் கேட்டு எடுத்தே?"

"என்னை!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "உள்ள வாய்யா. அறுந்த கயித்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

சூப்பர்வைசர் ஒரு செருப்பைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள். "உள்ள போங்க சார். அவரால எந்திரிச்சு வர முடியாது."