நான் முடித்துவைத்த வாக்கியம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தம்பியின் வாயிலிருந்து நான் பிடுங்கியது இது. ஐந்து வாரமாக அவன் என்னோடு பேசவில்லை. கோபமென்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நான் முப்பத்தெட்டு வருடம் வழக்கறிஞனாக இருந்தவன். இது கோபமில்லை. போன் செய்தால் எடுக்கிறான். நான் பேசுவதையெல்லாம் கேட்கிறான். நான் முடித்ததும் வைத்துவிடுகிறான்.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இதில் யார் பெயரும் வராது.

2

தொடக்கம் ஒன்று: "என் தம்பிக்குத் திக்குவாய்."

(அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் உச்சரிக்க அப்பா விட்டதில்லை. அப்பாவுக்குப் பின் நானும் விட்டதில்லை. "அவன் கொஞ்சம் நிதானமா பேசுவான்" என்பதுதான் வந்தவர்களிடம் சொல்வது.)

தொடக்கம் இரண்டு: "ப-ப-ப-பச்சை" என்றான் தம்பி.

(இதையும் அடித்தேன். சினிமாவில் சிரிப்புக்காக அப்படிச் செய்வார்கள். அவன் திக்கும்போது சத்தமே வராது. சொல்லின் தொடக்கத்தில் ப, ம என்று உதடு சேர வேண்டிய இடம் வந்தால் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு எழும்பும். எதிரில் நிற்பவர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பிப்பார்.)

மூன்றாவதை அடிக்காமல் விடுகிறேன். என் தம்பி பச்சைச் சட்டை வாங்கக் கடைக்குப் போவான், நீலச் சட்டையோடு வருவான். பஸ்ஸில் அவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் 'மா'வில் ஆரம்பிக்கும். அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டு, அங்கே இறங்கி, திரும்பி நடந்து வருவான். முப்பது வருடம், மழையிலும். வாயில் சிக்காத எழுத்தாகத் தேடித்தான் மகளுக்குப் பெயர் வைத்தான். சிக்கும் சொல்லைக் கண்ட கணத்தில் வேறு சொல்லுக்குத் தாவிவிடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன். அந்த வேலைக்குப் பேச வேண்டியது கொஞ்சம்தான்: "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." முதல் இரண்டும் அவனுக்கு எமன். சேர்ந்த முதல் வாரம் ஒரு கனத்த மனிதர் மூச்சை இழுத்துவிட்டு அடுத்த உத்தரவுக்காகக் கன்னம் உப்ப நின்றிருக்கிறார். உத்தரவு வரவில்லை. மனிதர் பயந்து வெளியே ஓடிவிட்டார்.

அதன் பிறகு தம்பி வேறு வழி கண்டுபிடித்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தானே மார் நிறைய மூச்சிழுத்துக் காட்டுவான். ஒரு தட்டு தட்டினால் பிடிக்க வேண்டும். இரண்டு தட்டினால் விடலாம். "எக்ஸ்ரே சார் தட்டலேன்னா இந்த ஆஸ்பத்திரியில யாரும் மூச்சே விட மாட்டாங்க" என்று தலைமை நர்ஸ் என்னிடமே சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு நர்ஸ் கேலி பேசும் நிலையில் எங்கள் வீட்டு ஆள் இருப்பதாக

(இந்த வாக்கியம் வேண்டாம். அவளுக்கு அவன்மேல் பிரியம். அது அன்று எனக்குத் தெரியவில்லை.)

4

அவன் ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு போய்ச் சொன்னேன். "நான் நாலு வார்த்தை பேசிடறேன்டா. நீ எழுந்து நின்னு கும்பிட்டா போதும்."

"இல்லண்ணா. நானே."

ஆஸ்பத்திரிக் கூட்ட அறை. அறுபது எழுபது பிளாஸ்டிக் நாற்காலி. தம்பி ஒரு தாளோடு எழுந்தான். மருத்துவமனை என்று வரும் இடத்திலெல்லாம் ஆஸ்பத்திரி என்று மாற்றி, நன்றாகத்தான் பேசிக்கொண்டு போனான். கடைசியில் தாளிலிருந்து கண்ணை எடுத்து, முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான்.

"எங்க அண்ணன் என்னை ஒரு நாளும்..."

உதடு ஒட்டிக்கொண்டது.

தாவுவான் என்று காத்திருந்தேன். தாவவில்லை. பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இளம் டாக்டர் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். யாரோ இருமினார்கள், அல்லது சிரிப்பை இருமலாக்கினார்கள். என் காது சுட்டது. எழுந்துவிட்டேன்.

"ஒரு நாளும் கைவிட்டதில்லைன்னு சொல்ல வர்றான்!"

பலத்த கைதட்டல். தம்பி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வாசலில் அவன் மனைவி என்னை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் குரல் உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

"ரெண்டு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு அந்த ஒரு வரியைப் பழகினார். உங்களால ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையே?"

"கூட்டத்துல சிரிச்சாங்கம்மா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அவருக்கு அது புதுசா?"

5

முடிவு ஒன்று: அவன் சொல்ல வந்தது 'பிரித்துப் பார்த்ததில்லை.' குடும்ப மானம் தப்பியது. கதை முடிந்தது.

முடிவு இரண்டு: அவன் சொல்ல வந்தது 'பேசவிட்டதில்லை.'

(எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். அரை மணி கழித்து வந்து உட்கார்ந்தேன். எதிர்த்தரப்புக்கு எவ்வளவு சாட்சியம் இருக்கிறது என்று பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோது, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று அவள் அவனைக் கேட்டாள், பதில் சொன்னது நான். வேலைக்குச் சேர்த்தபோது பெரிய டாக்டர் கேட்ட கேள்விக்கும் நான். அப்பாவின் கடைசி நாள் மத்தியானம் தம்பி கட்டிலருகே குனிந்தான். "என்னடா?" என்றார் அப்பா. அவனுக்கு உதடு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்லப்பா, தூங்குங்க" என்றேன் நான். அப்பா தூங்கினார். பிறகு எழவில்லை.)

முடிவு மூன்று: இரண்டுமில்லை. அவன்

ஒன்று மட்டும் உறுதி. 'கை' என்று ஆரம்பிக்க உதடு ஒட்ட வேண்டியதில்லை. கைதட்டல் அடங்குமுன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது. தாவத் தெரிந்தவன் தாவாமல் நின்றான் என்றால் அந்தச் சொல்லேதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

6

இதுவரை எழுதிய தாள்களோடு நேற்றுக் காலை தம்பி வீட்டுக்குப் போனேன். நீட்டினேன்.

"அந்த வரிக்கப்புறம் இடம் விட்டிருக்கேன். நீயே எழுதிடு. எழுதறதுல உனக்குத் தடங்கல் இல்லையே."

நின்றபடியே படித்தான். அப்பாவின் மத்தியானம் வந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டுக்கொண்டு படித்தான். பேனாவைக் கொடுத்தேன். வாங்கினான். மூடி, என் சட்டைப் பையிலேயே செருகினான்.

"எழுதலண்ணா. சொல்றேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அடுக்களை வாசலில் அவன் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"எங்க அண்ணன் என்னை ஒரு நாளும்..."

உதடு ஒட்டியது. கழுத்து நரம்பு எழும்பியது. கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. எதிர்வீட்டில் யாரோ துணி உதறினார்கள், எட்டுப் பத்து முறை. என் நாக்கு நுனியில் மூன்று சொற்கள் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சொன்னான். முழுதாக.

அதை இங்கே எழுதப் போவதில்லை. இந்நேரம் உங்கள் வாயில் ஒரு சொல் தயாராக இருக்கும்.

எனக்கும் இருந்தது.